கிறவல் குழியில் காபன் கணக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தில் செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போய், கரடியனாற்றைத் தாண்டி உள்ளே இறங்கினால் எங்கள் காணி. ஒரு ஏக்கர். அப்பா இருந்தபோது சோளனும் கச்சானும் போட்ட மேட்டுநிலம். சண்டை முடிந்து றோட்டு வேலைகள் தொடங்கியதும் கிறவலுக்கு, அதாவது சரளை மண்ணுக்கு, கிராக்கி வந்தது. 2011இல் எங்கள் காணிக்குள்ளும் டிப்பர் இறங்கியது. ஏழடி, சில இடத்தில் எட்டடி. கிறவல் முடிந்து மஞ்சள் களி தெரிந்ததும் போய்விட்டார்கள்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் எடுத்துத் தோண்டினால் நிலத்தைச் சீர்படுத்திக் கொடுக்கும் பொறுப்பும் கூடவே வரும். எங்கள் குழிக்குக் கைநாட்டுக் கடதாசிகூட இல்லை. அப்பாவும் கொந்தராத்துக்காரரும் தேத்தண்ணிக் கடையில் வாயால் பேசி முடித்ததுதான். ஆகவே யாரையும் குறை சொல்ல வழியில்லை. மாரியில் குளம், கோடையில் கட்டாந்தரை. பக்கத்து வளவுப் பிள்ளைகள் அதற்குள் குளிக்க இறங்கும்போதெல்லாம் அம்மாவுக்கு நெஞ்சு பதறும்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மரங்கள் காபனீரொட்சைட்டை இழுத்துத் தடியாகவும் வேராகவும் சேர்த்து வைக்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். எவ்வளவு சேர்க்கும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் அளந்து பார்த்ததில்லை. குழியில் மரம் வைப்போம், வைத்ததை அளப்போம் என்று 2017இல் இறங்கினேன்.

முதல் தடவை செய்த பிழையைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே கிறவல் குழியில் மரம் நடுகிற எல்லோரும் செய்வது அதுதான்.

பெக்கோ ஒன்றைப் பிடித்து மேடுபள்ளத்தை எல்லாம் நிரவினேன். ஆறு மணித்தியால வேலை. மெஷின் முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் பக்கட்டின் முதுகால் அமத்தி, விளையாட்டு மைதானம் போல ஆக்கிக் கொடுத்தது. பார்க்க அவ்வளவு வடிவு. ஒக்டோபர் கடைசியில் முதல் மழை விழுந்ததும் ஒரு பாதியில் அலவாங்கால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி போட்டு, மாட்டெரு வைத்து 220 கன்றுகள் நட்டோம். வேம்பு, தேக்கு, நாவல்.

டிசம்பரில் குழி குழியாகத் தண்ணீர் நின்றது. தை பிறந்தும் வற்றவில்லை. தேக்கு முதலில் மஞ்சளானது. பங்குனியில் தண்ணீர் போனது, சித்திரையில் நிலம் வெடித்தது, பிறகு கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று எழும்பியது. அடுத்த செப்டெம்பரில் எண்ணிப் பார்த்தால் உயிரோடு இருந்தவை 31. செத்த வேம்பு ஒன்றை இழுத்தேன், சிரமமே இல்லாமல் வந்தது. வேர் முழுவதும் நான் வெட்டிய குழிக்குள்ளேயே சுருண்டு பூச்சாடி உருவில் இருந்தது. வெளியே ஒரு விரற்கடைகூடப் போகவில்லை.

அந்தச் சுருண்ட வேரை மேசையில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைகளில் நிலக்கரி தோண்டிய இடங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1977இல் அங்கே சுரங்க நிலத்தைச் சீர்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். மண் சரியக் கூடாது, அரிக்கக் கூடாது என்பதற்காக நிலத்தை இயந்திரத்தால் இறுக்கி, மேலே வேகமாகப் படரும் புல்லை விதைத்தார்கள். சட்டத்துக்கு முன்பு கொட்டியபடியே விட்ட மண்ணில் காடு நன்றாக எழும்பிய இடங்கள் இருந்தன. சட்டப்படி ஒழுங்காகச் சீர்படுத்திய இடங்களில் புல் நின்றது, மரம் நிற்கவில்லை. 2000க்குப் பிறகு அங்குள்ள காட்டியலாளர்கள் வழியை மாற்றினார்கள். மேலே நாலடியாவது இறுக்காத மண் வேண்டும், மட்டம் பார்க்க வேண்டாம், மரத்தோடு போட்டி போடாத பூண்டைத் தரைக்கு வை, முன்னால் எழும்பி நிலத்தைப் பிடிக்கும் மரத்தையும் நின்று வளரும் மரத்தையும் கலந்து நடு என்பது சாரம். நான் காசு கொடுத்துச் செய்வித்த மைதானம்தான் என் கன்றுகளைக் கொன்றது என்று அப்போது விளங்கியது.

நம்பாமல் அளந்தும் பார்த்தேன். மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க எஸ்லோன் குழாய்த் துண்டை அடித்து இறக்கச் சொல்வார்கள். கிறவல் நிலத்தில் குழாய்தான் வெடிக்கும். அதற்கு வேறு வழி இருக்கிறது. சின்னக் குழி ஒன்று தோண்டி, வந்த மண் முழுவதையும் சிந்தாமல் சாக்கில் எடு. காய்ந்த ஆற்று மணலை லீற்றர் போத்தலால் அளந்து அந்தக் குழியை நிரப்பு. எத்தனை லீற்றர் மணல் போனதோ அதுதான் குழியின் கனவளவு. எடுத்த மண்ணை இரண்டு நாள் தகரத்தில் வெயிலில் போட்டு, பிறகு தாச்சியில் வறுத்து நிறுத்தேன். (அந்தத் தாச்சி இப்போது மண்ணுக்கு மட்டும். வீட்டில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் சமாதானம்.) 1.9 லீற்றர் குழியிலிருந்து 3.42 கிலோ. அதாவது ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1.8 கிராம். பக்கத்துப் பற்றைக்காட்டில் அதே முறையில் 1.4 வந்தது. 1.6, 1.7ஐத் தாண்டினாலே பல மரங்களின் வேர் திணறும்.

தண்ணீர்ச் சோதனை இன்னும் லேசு. இரண்டு பக்கமும் வெட்டிய பால்மா டின்னை இரண்டு அங்குலம் மண்ணில் அழுத்தி, உள்ளே ஒரு அங்குலம் தண்ணீர் ஊற்றி மணிக்கூட்டைப் பார். பற்றைக்காட்டில் நாலு நிமிடத்தில் போய்விட்டது. என் மைதானத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்து திரும்பிப் போனேன், அரைவாசிதான் இறங்கியிருந்தது.

2018 செப்டெம்பரில் மறுபடி பெக்கோ. அதே தம்பி. இந்த முறை நிரவ வேண்டாம், மூன்று மீற்றருக்கு ஒரு வரிசையாக ஒரு மீற்றர் ஆழத்துக்குக் கீறிக் கிளறி, எழும்பின மண்ணை எழும்பினபடியே விட்டுவிடு என்றேன். பக்கட்டைக் கழற்றி ஒற்றைப் பல் பூட்டினான். இரண்டு வரிசை முடிந்ததும் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

“சேர், இப்பிடியே விட்டுட்டுப் போனா பாக்கிற சனம் வேலை தெரியாதவன் எண்டு என்னையெல்லோ பேசும். ஒருக்கா மேலால இழுத்து விடவா?”

“இழுத்தா காசு தரமாட்டன்.”

சிரித்துக்கொண்டே ஏறினாலும் அவன் கை சும்மா இருக்கவில்லை. நான் மறுபக்கம் போன நேரத்தில் ஒரு வரிசையை அமத்தியே விட்டிருந்தான். மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு மட்டம் என்பது மானப் பிரச்சினை.

செப்டெம்பரைப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. களி கலந்த மண் ஈரமாக இருக்கும்போது கீறினால் பல் போன இடம் மெழுகினதுபோலப் பளபளத்து, அதுவே இன்னொரு சுவராகிவிடும். நன்றாகக் காய்ந்திருந்தால்தான் கட்டி கட்டியாக உடையும். மழைக்கு முன் முடித்தே ஆக வேண்டும். முடியவில்லை. இருபது மணித்தியாலத்தோடு என் கைக்காசு தீர்ந்தது. தென்மேற்கு மூலையில் இருபதுக்கு இருபது மீற்றர் துண்டு ஒன்று கீறுப்படாமல் பழைய மைதானமாகவே நின்றுவிட்டது. அப்போது அது பெரிய கவலை. பிறகு அந்த மூலைதான் எனக்கு ஆசிரியராக வந்தது.

கிழக்கு எல்லையில் பழைய மேல்மண் குவியல் ஒன்று கிடந்தது. தோண்ட வந்தவர்கள் ஒதுக்கி வைத்தது. நல்ல மனதால் இல்லை, கிறவலோடு கருமண் கலந்தால் றோட்டு வேலைக்கு எடுக்கமாட்டார்கள். ஏழு வருடமாக இலுக்கும் உண்ணிச்செடியும் மூடிக் கிடந்த அதை லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு மெஷின்) பெட்டியில் ஏற்றி, கீறிய வரிசைகளில் பரப்பினோம். நாலு விரல் தடிப்புக்குத்தான் காணும்.

நட்டது ஒக்டோபர் 24 முதல் நவம்பர் முதல் வாரம் வரை. எங்கள் பக்கம் வருடத்தில் 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைத்தாலும் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கித் தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் வேர் எவ்வளவு கீழே போகிறதோ அதை வைத்துத்தான் கன்று ஆவணி வரைக்கும் பிழைக்க வேண்டும். மூன்று மீற்றர் இடைவெளியில் மொத்தம் 440 கன்று. கீறிய நிலத்தில் 396, கீறாத மூலையில் 44. வேம்பு 160, மருது 70, வாகை 60, புங்கு 60, நாவல் 50, இலுப்பையும் பாலையுமாக 40. மூலையிலும் இதே கலப்பு. தண்ணீர் நிற்கும் வடக்குப் பள்ளத்தில் மருதை மட்டும் வைத்தேன். ஆற்றங்கரையில் நிற்கிற மரம், கால் நனைந்தால் கோபிக்காது. வாகையும் புங்கும் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தரும் என்பதற்காக. எல்லையைச் சுற்றிக் கிளிசரியாத் தடி ஊன்றினோம். தேக்குப் பக்கம் போகவே இல்லை.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு கூடை எருவும் அரைக் கூடை உமிக்கரியும். அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மலைபோலக் கிடக்கும், கேட்டால் ஏற்றிக்கொண்டு போ என்பார்கள். பற்றைக்காட்டில் நிற்கும் பழைய பாலை மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண்ணும் போட்டேன், வேரோடு கூட்டு வைத்துக்கொள்ளும் பூஞ்சணம் வரட்டும் என்று. அது வேலை செய்ததா இல்லையா என்பதற்கு என்னிடம் ஒப்பீடு இல்லை, எல்லாக் குழிக்கும் போட்டுவிட்டேன்.

பிறகு வந்த தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் எதிரி கினியாப் புல். முதலாவது வருடம் ஆள் உயரத்துக்கு எழும்பிக் கன்றுகளை மூடியது. ஆளை வைத்து வெட்டினால் மூன்று கிழமையில் திரும்ப நிற்கும். இரண்டாவது எதிரி மாடு. பட்டி வைத்திருப்பவர் எங்கள் மாமா முறை.

“மருமகன், நீங்க மரத்த நட்டுப்போட்டுக் கம்பி கட்டினா எங்கட மாடு எங்ககா மேயிற?”

நியாயமான கேள்வி. இரண்டு எதிரியையும் ஒன்றோடொன்று மோத விட்டேன். புல்லை மாமாவே வெட்டிக்கொண்டு போவது, கிளிசரியாக் கிளையும் அவருக்கு, பட்டி எரு எனக்கு, மாடு உள்ளே வரக் கூடாது. ஏழு வருடமாக இந்த ஒப்பந்தம் ஓடுகிறது. எந்தக் கடதாசியும் இல்லை, ஆனால் கிறவல் ஒப்பந்தத்தைவிட நல்லாக நடக்கிறது.

முதல் மூன்று கோடைக்கும் லான்ட்மாஸ்டரில் தண்ணீர்ப் பரல் ஏற்றிப் போனோம். அடியில் ஊசித் துளையிட்ட ஒன்றரை லீற்றர் போத்தலைக் கன்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் புதைத்தால் ஒரு போத்தல் இரண்டு நாளுக்கு மெல்ல மெல்லக் கசியும். 2021 செப்டெம்பரில் ஒரு இரவு யானை மூன்று வந்து வாகைகளை முறித்துப் போட்டுப் போனது. வேம்பைத் தொடவில்லை. அதற்கடுத்த கோடையில் வந்தது யானையைவிட மோசம். எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்ற 2022இல், ஊர் முழுக்க விறகுக்குத் திரும்பியது. ஒரு மாதத்துக்குள் 29 மரம் தறிபட்டது. யார் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்கப் போகவில்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. தறிபட்ட வேம்பில் பெரும்பாலானவை அடியிலிருந்து மூன்று நாலு தடியாக வெடித்துக் கிளம்பின. மேலே இருந்த காபன் புகையாகப் போனது, கீழே வேர் அப்படியே இருந்தது.

2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் குழி மறுபடி குளமானது. இந்த முறை பத்து நாளில் வடிந்தது. தை மாதம் காய்ந்ததும் அளக்கத் தொடங்கினோம்.

அளக்க வந்தது என் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். ஆளுக்கொரு தையல் நாடா. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுத்து 3.14ஆல் பிரித்தால் விட்டம். அந்த உயரத்தைக் கண்ணால் மதிக்க விடாமல், 1.3 மீற்றரில் வெட்டிய மூங்கில் தடி ஒன்றை ஒவ்வொரு சோடிக்கும் கொடுத்தேன். உயரத்துக்கும் தடிதான். கை நீளமுள்ள தடியை நீட்டிய கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தடியின் அடியும் நுனியும் மரத்தின் அடியோடும் நுனியோடும் ஒட்டும் வரை பின்னால் நட. நிற்கிற இடத்திலிருந்து மரத்தடி வரை உள்ள தூரம் மரத்தின் உயரம். முதல் நாள் நானும் அளந்தேன், பிள்ளைகளும் அளந்தார்கள். என்னுடையது மரத்துக்கு முக்கால் மீற்றர் அளவில் கூடவே வந்தது. “சேர் அன்பால அளக்கிறார்” என்றாள் ஒருத்தி. இரண்டாம் நாளிலிருந்து நான் கொப்பியில் எழுதும் வேலையை மட்டும் பார்த்தேன்.

கணக்குக்கு எடுத்தது 2014இல் ஷாவேயும் கூட்டாளிகளும் வெப்பமண்டல மரங்களுக்கு வெளியிட்ட சமன்பாடு. மரத்தின் அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்கினால் நிலத்துக்கு மேலே உள்ள உலர்நிறை கிலோவில் வரும். ஒரு வேம்பை உதாரணத்துக்கு எடுப்போம். சுற்றளவு 35 சென்ரிமீற்றர், ஆகவே விட்டம் 11.1. உயரம் ஆறரை மீற்றர். வேம்பின் அடர்த்தி 0.69. எல்லாம் பெருக்கினால் 557, அடுக்கும் மாறிலியும் போட்டால் 32 கிலோ. உலர்ந்த மரத்தில் நூற்றுக்கு 47 காபன் என்று எடுத்தால் 15 கிலோ. ஆறு வருடமும் சொச்சமும் மாடு, யானை, மனிதர் எல்லாரையும் தாண்டி நின்ற ஒரு வேம்பு சேர்த்தது பதினைந்து கிலோக் காபன். பிள்ளைகளின் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. பாடப்புத்தகம் வாசித்து வேறு ஏதோ எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உயரத்தில் நூற்றுக்குப் பத்துப் பிழைத்தால் விடையிலும் ஏறத்தாழ பத்துதான் பிழைக்கும். விட்டம் வர்க்கமாக வருவதால் சுற்றளவில் பத்துப் பிழைத்தால் விடையில் இருபது போய்விடும். நாடா சரிவாகச் சுற்றினாலே கூடக் காட்டும். அதனால் சுற்றளவை இருவர் தனித்தனியாக எடுத்தார்கள். தறிபட்டு மூன்று தடியாக முளைத்த வேம்புக்கு ஒவ்வொரு தடியின் விட்டத்தையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து ஒரே விட்டமாக வைத்தோம். சும்மா கூட்டினால் இல்லாத மரம் ஒன்று முளைத்துவிடும். விட்டம் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்த கன்றுக்கு அந்தச் சமன்பாடு பொருந்தாது, அவற்றைப் பூச்சியமாகவே விட்டோம்.

கீறிய நிலத்தில் நட்ட 396இல் 251 உயிரோடு. கணக்கில் சேர்ந்தவை 213. மொத்த உலர்நிறை 5.9 தொன். கீறாத மூலையில் 44இல் 9 உயிரோடு, சேர்ந்தவை 4, மொத்தம் 44 கிலோ. ஹெக்டேயருக்கு மாற்றினால் கீறிய நிலத்தில் 16 தொன்னுக்குக் கொஞ்சம் கூட, மூலையில் 1.1. ஒரே குழி, ஒரே கன்று, ஒரே எரு, ஒரே மழை. வித்தியாசம் பதினைந்து மடங்கு. இருபதுக்கு இருபது மீற்றரில் ஒரே ஒரு துண்டுதான், இதை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. மூலையில் நிற்கிறவருக்கு ஆராய்ச்சி தேவைப்படாது, கண்ணே போதும். பெரிய மரம் எது என்றால் வடக்குப் பள்ளத்து மருது, சுற்றளவு 48 சென்ரிமீற்றர்.

வேருக்கும் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். தோண்டிப் பார்க்க மனம் வரவில்லை. வெப்பமண்டல வறள் காடுகளுக்குக் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2006 வழிகாட்டியில், மேல்நிறை ஹெக்டேயருக்கு 20 தொன்னுக்குக் கீழ் என்றால் வேர் அதில் 0.56 பங்கு, மேல் என்றால் 0.28 பங்கு. எங்களுடையது 16, ஆகவே 0.56 எடுக்கலாம். நான் 0.28ஐ எடுத்தேன். இறுகிய நிலத்து வேர் என்பதால் குறைத்தே பிடிப்போம் என்ற எண்ணம். 5.9ஐ 0.47ஆலும் 1.28ஆலும் பெருக்கினால் 3.5 தொன் காபன். காபனீரொட்சைட்டின் மூலக்கூற்று நிறை 44, அதில் காபன் 12; ஆகவே 44ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தால் 13 தொன் காபனீரொட்சைட்டு.

இதற்கு எரித்ததையும் எழுத வேண்டும். 2017 நிரவலுக்கு 70 லீற்றர் டீசல், 2018 கீறலுக்கு 200, மூன்று கோடைத் தண்ணீருக்கு 130. நானூறு லீற்றர். லீற்றருக்கு 2.68 கிலோ வீதம் ஒரு தொன்னுக்குச் சற்றே கூட. நிரவிய எழுபது லீற்றர் முழு நட்டம், மற்றதைக் குழி திருப்பிக் கொடுத்துவிட்டது.

மண்ணுக்கு வந்தபோதுதான் நான் என்னையே ஏமாற்றப் பார்த்தேன். நடுகைக் குழிப் பக்கத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் சேதனக் காபன் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த காபன்) 1.9 சதவீதம் என்று வந்தது. 2018இல் அதே நிலத்தில் 0.15. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! அன்றிரவு தொலைபேசியில் நாலு பேருக்குச் சொன்னேன். ஐந்தாவது ஆளுக்குச் சொல்லும்போது உமிக்கரி ஞாபகம் வந்தது. அரைக் கூடை கரியை நானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மரம் சேர்த்த காபன் என்று கொண்டாடுகிறேன். ஆய்வுகூடத்தில் டைகுரோமேற்று என்ற இரசாயனத்தை ஊற்றிச் செய்யும் முறையில் கரியின் ஒரு பங்குதான் பிடிபடும், எரித்து அளக்கும் முறை என்றால் இன்னும் கூடவே காட்டியிருக்கும். நிலக்கரிச் சுரங்க நிலங்களிலும் இதே பொறி இருக்கிறது. மண்ணில் கலந்து கிடக்கும் நிலக்கரித் தூளும் சோதனையில் காபன் என்றே வரும். அது மரம் சேர்த்ததா, கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னே இருந்ததா என்று பிரித்தறிய வேறு சோதனை வேண்டும்.

கரி போடாத இடைவரிசை மண்ணை மறுபடி அனுப்பினேன். 0.34. இதுவாவது நம்முடையதா? இடைவரிசைக்குப் பெரிதாகப் போகாவிட்டாலும் பழைய குவியலின் கருமண் அங்கேயும் சிதறியிருக்கிறது. ஒரு வயல்வட்டை நெல்லை மற்ற வட்டைக் களத்தில் கொட்டிவிட்டு விளைச்சல் கூடிவிட்டது என்கிற மாதிரி ஆகும். போதாததற்கு, கீறியதால் மண் பொருமிவிட்டது. முன்பு முப்பது சென்ரிமீற்றரில் இருந்த மண்ணும் இப்போது முப்பது சென்ரிமீற்றரில் இருக்கும் மண்ணும் ஒரே நிறை இல்லை. மண்ணின் நிரலில் ஒரு கோடு போட்டுவிட்டேன். வரவும் இல்லை, செலவும் இல்லை.

ஆனால் போனது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். இதில் கல்லைக் கழிக்க மறக்கக் கூடாது, காபன் கல்லில் இல்லை. இரண்டு மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்தால் பற்றைக்காட்டு மண்ணில் நூற்றுக்கு எழுபது நுண்மண், குழியில் ஐம்பத்தைந்து. பற்றைக்காட்டில் காபன் 1.1 சதவீதம். மேல் முப்பது சென்ரிமீற்றருக்கு ஹெக்டேயருக்கு 32 தொன். தோண்டிய குழியில் 4.5. எங்கள் ஏக்கருக்கு வித்தியாசம் 11 தொன் காபன். அது மேல்வரம்பு, ஏனென்றால் எங்களுடையது சோளன் போட்ட நிலம், பற்றைக்காடு அளவுக்கு இருந்திருக்காது. குவியலிலும் கொஞ்சம் மிஞ்சியது. எப்படிப் பார்த்தாலும் மரங்கள் கொண்டுவந்த 3.5 தொன் அந்தக் கடனுக்கு வட்டியும் முதலில் ஒரு பங்கும்தான்.

கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர், மரம் சேர்த்த காபனைக் காபன் வரவு (காபன் கிரெடிற்) என்று விற்கலாமே, அங்கே பெரிய கொம்பனிகள் வாங்குகின்றன என்றார். வருடத்துக்கு இரண்டு தொன் காபனீரொட்சைட்டு. அளந்து உறுதிப்படுத்த வருகிற ஆளின் வேன் வாடகைக்கே காணாது என்றேன். அவர் நம்பவில்லை.

இப்போது உயிரோடு உள்ள ஒவ்வொரு மரத்திலும் 1.3 மீற்றர் உயரத்தில் சிவப்புப் பெயின்ற் வளையம் இருக்கிறது, அடுத்த தடவை நாடா அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக. வளையம் போட்டது அந்த எட்டுப் பிள்ளைகள்தான். ஊரில் யாரோ ஒருவர் மரத்துக்கெல்லாம் நேர்த்தி வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லித் திரிந்தாராம். அதன்பிறகு விறகுக்கு ஒன்றும் தறிபடவில்லை, நான் மறுக்கவும் போகவில்லை.

போன செப்டெம்பரில் பெக்கோத் தம்பி தொலைபேசியில் எடுத்தான். பக்கத்து வட்டையில் வாய்க்கால் வேலைக்கு மெஷின் வந்து நிற்கிறதாம்.

“சேர், அந்த மூலைத் துண்டு இன்னும் அப்பிடியே கிடக்காம். ரெண்டு மணித்தியாலத்தில கீறித் தாறன். டீசல் காசு மட்டும் தாங்க.”

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அந்த மூலை இப்படியே கிடந்தால்தான் மற்றப் பக்கம் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அப்ப அவடத்த அமத்தினது நான் எண்டு மட்டும் ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க சேர்.”